அப்பாவுக்கு எந்த வயதில் மறதி வந்தது

ஒருத்தருக்கு எந்த வயதில் மறதி வந்தது என்று கேட்பதற்காகக் கடல் தாண்டிப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் தமிழ்நாட்டுக்குக் கோவில் பார்க்கப் போவார்கள், கல்யாணப் பட்டு எடுக்கப் போவார்கள். மலாய் நாட்டில் எங்கள் தைப்பிங்கில் பக்கத்து வீட்டுக்காரி "பட்டு எடுக்கவா?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊருக்கே சொல்லியிருப்பாள். அவள் வாய் அப்படிப்பட்ட வாய்.

விஷயம் இதுதான். எங்கப்பா கோவிந்தசாமி தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றார், பெற்ற கையோடு மறக்க ஆரம்பித்தார். முதலில் கத்தியை வைத்த இடம், அப்புறம் வீட்டுக்கு வரும் பாதை, அப்புறம் எங்கள் பெயர்கள். கடைசி ஆண்டுகளில் சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "ஏகாம்பரத்தப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டியாரணும்" என்பார். ஏகாம்பரம் அவருடைய தம்பி, தமிழ்நாட்டு ஊரிலேயே இருந்துவிட்டவர். அப்பாவின் அடையாள அட்டையில் இருந்த வயதையும் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதாக எழுதிய வருஷத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். கிட்டத்தட்ட அறுபது வயது ஆளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போகிறாராம் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. போன வருஷம் வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடினேன். இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான் என்று என் கணவர் சிரித்தார். அவருக்கென்ன, அவருடைய அப்பா எண்பது வயதிலும் நாலு தலைமுறைச் சண்டையை ஒன்று விடாமல் சொன்னவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தைந்துக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

டாக்டரிடம் போனேன். அவர் சீனர், என்னிடம் பேசியது மலாயில், நான் இங்கே தமிழில் சொல்கிறேன். இந்த மறதி நோய்க்குப் பின்னால் இரண்டு விதமான மரபணுக்கள் உண்டாம். ஒன்று கொடுமையானது, அபூர்வமானது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வந்துவிட்டால் பெரும்பாலும் அறுபதுக்குள் ஆளைப் பிடித்துவிடும். இன்னொன்று நிறையப் பேர் உடம்பில் சும்மா இருப்பது. அது ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

"ரத்தம் எடுப்பது சுலபம், முடிவைத்தான் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்" என்றார் அவர். "முதலில் உங்கள் அப்பா குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் சோதனை வேண்டுமா என்று பேசலாம்." என் மகள் மாலதி அப்போது கல்யாணத்துக்கு நிச்சயமாகியிருந்தாள். எனக்கு இருந்தால் அவளுக்கும் பாதி. அதனால்தான் கணவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சித்தப்பா விமான நிலையத்துக்கு வேனோடு வந்துவிட்டார். போட்டோவில் மட்டுமே பார்த்த மனுஷர். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை, அப்பாவின் மூக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேன் நிற்கும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் கதவோரம் எட்டிப் பார்த்து "போலாம், ரைட்" என்றார்.

நான் எதிர்பார்த்தது வயல். பார்த்தது ஸ்ரீபெரும்புதூர் தாண்டியும் முடியாத காம்பவுண்டுச் சுவர்கள். கார் செய்யும் இடம், கண்ணாடி செய்யும் இடம், புதிதாக செல்போன் செய்யும் இடம். சுவருக்கு இந்தப் பக்கம் எருமை, அந்தப் பக்கம் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய். சாலையில் எங்கள் ஊரைவிட அதிகமாகக் கம்பெனி பஸ்கள். "நம்ம பினாங்கு தொழிற்பேட்டைக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்று என் கணவர் மலாயில் சொன்னார். மற்றவர்களுக்குப் புரியக்கூடாத பேச்சை நாங்கள் மலாயில்தான் வைத்துக்கொள்வது.

சித்தப்பா வீடு சுங்குவார்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, வேலைக்கு வந்த தென் மாவட்டத்துப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சித்தி கேழ்வரகுக் களி கிளறி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். களியை மென்று தின்ற என் கணவரைப் பார்த்து, "முழுங்குப்பா, மெல்லாத" என்று சித்தி பாடம் எடுத்தார். இரண்டாவது உருண்டைக்குள் மனுஷர் தேறிவிட்டார். வெட்டி வைத்த நுங்கைப் பார்த்ததும் ஊருக்கே திரும்ப வேண்டாம் என்றார்.

நான்தான் அவசரக்காரி. கை கழுவுவதற்குள் கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு வந்த மறதி இங்கே வேறு யாருக்காவது வந்ததா, எந்த வயதில் வந்தது என்று. சித்தியின் முகம் சட்டென்று மாறிவிட்டது. பின்னால் அறைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேத்தி தேவிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் வூட்டுல புத்திப் பிசகு கீதுன்னு வெளியே போனா யார் வந்து பொண்ணு கேப்பாங்க என்று சித்தி அடிக்குரலில் கேட்டார். சித்தப்பா எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். கடல் தாண்டி வந்தவளுக்குக் கிணற்றடியில் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் மகளுக்காக நான் வந்தேன், பேத்திக்காக அவர் வாயை மூடுகிறார், இரண்டும் ஒன்றுதானே என்று படுக்கும்போது தோன்றியது.

மறுநாள் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்பினோம். சித்தி, நான், என் கணவர். ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்குள் எனக்கு முழங்கை இரண்டும் வலித்தது. ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதினோரு பேர், டிரைவர் ஸீட்டின் இரண்டு பக்கமும் ஆள். "அட்ஜஸ் பண்ணிக்கமா, எறங்கிடுவாங்கோ" என்று டிரைவர் போகும் வழியெல்லாம் சொன்னார், ஒருத்தரும் இறங்கவில்லை. பாதி வழியில் டயர் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. டிரைவர் பதறவே இல்லை. இறங்கி, பீடியைப் பற்றவைத்து, வேறு வண்டி வரும் என்றார். எங்கள் ஊராக இருந்தால் என் கணவர் இந்நேரம் பேருந்து நிறுவனத்துக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்திருப்பார். இங்கே டிரைவரிடமே பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு அவரோடு டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வந்தது ஒரு கம்பெனி பஸ். ஓட்டுனர் சித்தப்பாவோடு வேலை பார்த்தவராம், சித்தியைப் பார்த்து நிறுத்தினார். "ஏறுங்கக்கா. சத்தம் மட்டும் போடாதீங்க, பொண்ணுங்க தூங்குதுங்க" என்றார். நைட் ஷிப்ட் முடித்த பெண்கள், கழுத்தில் அட்டையோடு ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். விழித்திருந்த இரண்டு பேர் லைனில் புதிதாக வந்த சூப்பர்வைசர் யாரைப் பார்த்தாலும் முறைக்கிறான் என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் தேங்காய்ப் பழத் தட்டோடு மூச்சுக் காட்டாமல் நின்றபடி போனோம். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்திய எனக்கு அந்தத் தூங்குகிற முகங்களைப் பார்க்கச் சோறு போட வேண்டும் போலிருந்தது.

முருகன் ஆளுயரத்துக்கும் மேலே நின்றார். எங்கள் நாட்டில் மலையடிவாரத்தில் வானளாவ நிற்கும் முருகனைப் பார்த்த கண்ணுக்கு இவர் பக்கத்து வீட்டு வாட்டசாட்டமான பையன் போலத் தெரிந்தார். பிராகாரத்தில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலைப் பிரித்ததும் சித்தி தானாகவே வாயைத் திறந்தார். சாமி முன்னாடி மறைக்கக் கூடாது என்றார். அப்பாவுக்கு அக்கா ஒருத்தர் இருந்தார், என் பெரிய அத்தை. அவருக்கும் இது வந்ததாம். சாப்பிட்டு எழுந்ததும் தெருவில் போய் நின்று, எனக்கு இன்னும் சோறே போடல என்று போவோர் வருவோரிடம் சொல்வாராம். ஆனால் அது பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணமாகும் காலத்தில், எழுபதெல்லாம் தாண்டிய பிறகு. வேறு யாருக்கும் கிடையாது. சித்தப்பா எழுபத்து மூன்றிலும் கிண்ணென்று இருக்கிறார்.

"இது பொண்ணுங்களுக்கும் எறங்குமாம்மா? எங்க தேவிக்கு வருமா?" என்று சித்தி கேட்டார்.

என் புத்தி என் கணக்கிலேயே ஓடியது. அத்தைக்கு வந்தது கிழவியான பிறகு. அப்படியானால் சின்ன வயதிலேயே வந்தது அப்பாவுக்கு மட்டும்தான். டாக்டர் சொன்ன அந்தக் கொடுமையானது அப்பாவிடம் இருந்து நேராக எனக்கு வர எல்லா வழியும் திறந்துதான் இருக்கிறது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பொங்கல் தித்திப்பாகத்தான் இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. "பிலாங் நந்தி" என்று இவர் என் கையைப் பிடித்தார். அப்புறம் பேசிக்கலாம் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காலையில் சுங்குவார்சத்திரத்துக் கடையில் இட்லியும் வடகறியும் வாங்கி வந்தார் இவர். வடகறி என்கிற வஸ்துவை எங்கள் ஊரில் யாரும் ஏன் செய்வதில்லை என்று அந்தத் துக்கத்திலும் எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு ருசி.

சாயங்காலம் பின்னறைப் பெண்கள் கேக் கொண்டு வந்தார்கள். அவர்களில் செல்வி என்கிற பெண் கோவில்பட்டிப் பக்கம். கேக்கில் ஐந்து பெயர்கள் எழுதியிருந்தது. ஐந்து பேருக்கும் ஒரே வாரத்திலா பிறந்தநாள் என்று ஆச்சரியப்பட்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நெசத்துல நான் ஐப்பசி மழையில பொறந்தவக்கா" என்றாள் செல்வி. "பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப வாத்தியார் எல்லாத்துக்கும் ஜூன் மாசம்னு எழுதிட்டாவ. எங்க ஊர்ல பாதிப் பேரு ஜூன்லதான் பொறந்திருக்கோம்."

எங்கள் நாட்டில் ஆஸ்பத்திரியில் பிறந்தோமா, நேரத்தோடு பத்திரம் வந்துவிடும். பிறந்த நாளை வாத்தியார் கொடுப்பார் என்பது எனக்குப் புதுசு. சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, தன் வயதைத் தன் காதுதான் முடிவு பண்ணியது என்றார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமானால் ஒரு கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட வேண்டும். எட்டினால் வயசு வந்துவிட்டது, எட்டாவிட்டால் அடுத்த வருஷம்.

"எனக்கு எட்டல. எங்கண்ணன்தான் என்ன இட்டுகினு போயிருந்தாரு. பின்னால நின்னுகினு என் தலைய லேசா சாச்சி வுட்டாரு. தொட்டுட்டேன். வாத்தியாரும் எழுதிட்டாரு" என்று செய்தும் காட்டினார். பெண்கள் எல்லாரும் கையைச் சுற்றிக் காதைத் தொட்டுப் பார்த்தார்கள், என் கணவரும்கூட.

எனக்கு என்னவோ உறுத்தியது. "அப்பாவுக்கே அப்ப எட்டு வயசுதானே இருக்கும் சித்தப்பா? சின்னப் பிள்ளையை நம்பியா உங்களை அனுப்பினாங்க?" என்று கேட்டேன்.

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எட்டு வயசா? இன்னாம்மா பேசற நீ? மீசை வச்ச ஆளு அவரு. ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. எங்கப்பா செத்தப்பறம் என்ன வளத்ததே எங்கண்ணன்தான்."

கையில் இருந்த கேக்கைக் கீழே வைத்தேன். மலாயாவுக்கு வந்தபோது அப்பாவுக்கு இருபது வயது, அட்டையில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆள் கூட்டிப் போக வந்தவன் முப்பது தாண்டியவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அப்பாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆள் ஒல்லி, குள்ளம். நாவிதரிடம் போய் மீசையை வழித்துக்கொண்டு வந்து இருபது என்று நின்றாராம். அன்றைக்கு ஊரில் கிளம்பிய அத்தனை பேரும் வயதைக் குறைத்துத்தான் சொன்னார்களாம், அப்பா மட்டும் கொஞ்சம் தாராளமாகக் குறைத்துவிட்டார். அப்புறம் போன இடத்தில் கல்யாணமும் ஆனது. ஆயிரம் பொய்யில் இதுவும் ஒன்று என்று அவர் அதை அம்மாவிடம்கூட அவிழ்க்கவில்லை.

அப்பாவை நான் மீசை இல்லாமல் பார்த்ததே கிடையாது, ஒரே ஒரு போட்டோவைத் தவிர. கப்பலேறுவதற்கு எடுத்தது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் உரித்த கோழி என்று கேலி செய்வார். அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார்.

கணக்குப் போட்டது என் கணவர்தான். அட்டைப்படி இருந்த இரண்டு வயதோடு குறைத்துச் சொன்ன பத்துப் பதினொன்றையும் கூட்டினால், சித்தப்பாவைவிட அப்பா பன்னிரண்டு, பதிமூன்று வயதாவது பெரியவர். அப்படியானால் ஐம்பத்தைந்தில் மறக்க ஆரம்பித்தவருக்கு நிஜத்தில் அறுபத்தாறு. சாய்த்துவிட்ட தலைக்கு ஒரு வருஷம் தள்ளுபடி செய்தாலும் அறுபத்தைந்துக்குக் குறையாது என்றார் இவர். நான் அழுதேன். சித்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்வதற்குள் செல்வியும் அழ ஆரம்பித்துவிட்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை சுங்குவார்சத்திரத்தில் எஸ்டிடி பூத்திலிருந்து டாக்டரைப் பிடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அத்தைக்கு எழுபது தாண்டி, அப்பாவுக்கு அறுபத்தைந்து தாண்டி, சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றால் அந்தக் கொடுமையானது இந்தக் குடும்பத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதற்கான சோதனை இப்போது தேவையில்லை. மற்றவர்களைவிட எனக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதற்கு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைக்க வேண்டும், தினம் நடக்க வேண்டும் என்றார். வயது விஷயம் நிச்சயம்தானா என்று கேட்டார். மீசை சாட்சி என்றேன். அவர் மறுபடி கேட்டார், ஊருக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. திரும்பி வந்து முதல் வேலையாகச் சித்தியிடம் சொன்னேன். தேவிக்குப் பயமில்லை, கிழவியானால் யாருக்கும் வரக்கூடியதுதான் என்று. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குக் கோழி அடித்தார். என் கணவர் களியை மெல்லாமல் முழுங்கினார்.

கிளம்பிய அன்று சாயங்காலம் சித்தப்பா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. புதுப் பையும் பெரிய சீருடையுமாகப் பிள்ளைகள் சாலையைக் கடந்து ஓடினார்கள். ஒரு லாரியும் அவர்களுக்காக நிற்கவில்லை. சித்தப்பா கண்டக்டர் கையை நீட்டி ஒரு கம்பெனி பஸ்ஸையே நிறுத்திப் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பினார்.

அப்போதுதான் எனக்கு அப்பாவின் குடை ஞாபகம் வந்தது. அதுவரை அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. கடைசிக் காலத்தில் அப்பா சாயங்காலமானால் குடையோடு கிளம்பிவிடுவார் சித்தப்பா, ஏகாம்பரத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரணும் என்பார், நாங்கள்தான் பிதற்றுகிறார் என்று நினைத்து உட்கார வைத்துவிடுவோம் என்றேன்.

பஸ் ஒன்று வந்து நின்று போனது, அது எங்கள் பஸ்தானா என்றுகூடச் சித்தப்பா பார்க்கவில்லை.

"கரெக்டான டைம்தாம்மா அது" என்றார். "ஸ்கூல் வுடற டைமு. மழைன்னாலும் வெயில்னாலும் குடைய வச்சிக்கினு கேட்டாண்ட நிப்பாரு. ஒரு நாளும் என்னைக் காக்க வச்சதில்ல எங்கண்ணன்."